நிரந்தரம் என்று ஒரு சொல் எழுதினேன்

என் கடிதம் அவர் கையில் இருந்தது. என் கையெழுத்தைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுவிடலாம். கோழி கிளறின மாதிரி இருக்கும் என்று ஆபீசில் முப்பது வருடம் கேலி செய்திருக்கிறார்கள். அந்தக் கிளறலுக்கு நடுவில், ஒரே ஒரு சொல்லுக்குக் கீழே, சிவப்பு மையில் அழுத்தமாக இரண்டு கோடு.

“தமிழரசி மேடம், இது நீங்க எழுதுனதுதானே?” என்றார் ஆர்.ஐ. என்கிற வருவாய் ஆய்வாளர். வேலைக்கு வந்து இரண்டு மூன்று வருடம்தான் ஆகியிருக்கும்.

“நான்தான் எழுதுனேன். அதுக்கென்ன இப்ப?”

“இந்த வார்த்தைய யாரு போடச் சொன்னது?”

எட்டிப் பார்த்தேன். ‘நிரந்தர’ என்று இருந்தது.

மழை விட்டு அரை நாள் ஆகியிருக்கும். அகதிகள் முகாமின் கிழக்கு வரிசை முனையில் நின்றிருந்தோம். ஆர்.ஐ. பேண்ட்டை முழங்கால் வரைக்கும் சுருட்டிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். போன வருடம் இதே மழைக்காலத்தில் வந்து சேற்றில் மாட்டிக்கொண்டவராம். இந்த வருடம் தரை காய்ந்து கிடந்தது. காய்ந்த தரையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற மனுஷன், இது எப்படிக் காய்ந்தது என்று ஒரு வார்த்தை கேட்கலாம் இல்லையா? கேட்கவில்லை. அவருக்குப் பின்னால் தலையாரி ஒரு கையில் டேப்பும் இன்னொரு கையில் வெள்ளை பெயிண்ட் டப்பாவுமாக நின்றார்.

“முகாம் நிலத்துல நிரந்தர விவசாயம் நடக்குதான்னு மேல கேக்குறாங்க மேடம். ஒரு வாரத்துக்குள்ள எல்லாத்தையும் எடுத்துட்டு ரிப்போர்ட் வைக்கணுமாம்.”

அந்தச் சொல்லைப் போடச் சொன்னது யாரும் இல்லை. நானேதான் போட்டேன்.

மேலே போவதற்கு முன் ஒரு விஷயம். போன வார அத்தியாயம் சூடாக இருந்தது என்று சில வாசகர்கள் வருத்தப்பட்டதாக ஆசிரியர் போனில் சொன்னார். இந்த வாரம் இன்னும் சூடுதான். கோபத்தை ஆற வைத்துப் பரிமாற எனக்கு வராது. ஆறிப்போனால் எனக்கு எழுதவே தோன்றாது.

நெல் அடுக்கிய இடம்

முகாமின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அங்கே இருப்பவர்களுக்குத்தான் தலைவலி. டெல்டாவில் ஒரு சின்ன டவுனுக்கு வெளியே, ஒரு காலத்தில் நெல் மூட்டை அடுக்கிய கிடங்கும் அதைச் சுற்றிய களமும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இலங்கையிலிருந்து படகில் வந்த குடும்பங்களை, கொஞ்ச நாளைக்குத்தான் என்று சொல்லி அங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். அந்தக் கொஞ்ச நாளில், கைக்குழந்தையாக வந்தவர்களுக்குக் கல்யாணம் ஆகி, அவர்கள் பிள்ளைகள் காலேஜுக்குப் போகிறார்கள். வாசல் போர்டில் ‘அகதிகள்’ என்பதை அழித்துவிட்டு ‘மறுவாழ்வு’ என்று எழுதினார்கள். செக்கிங் நாள் மட்டும் மாறவில்லை. அன்றைக்கு எல்லோரும் வரிசையில் நின்று தலையைக் காட்ட வேண்டும்.

லாரி ஏறி ஏறி இறுகிப்போன களம் அது. கப்பிக்கல்லும் சிமெண்ட் உடைசலும் கலந்த தரை. தண்ணீர் உள்ளே இறங்காது. ஐப்பசி பிறந்துவிட்டால் குளிக்கிற தண்ணீர், பாத்திரம் கழுவுகிற தண்ணீர், மழைத் தண்ணீர் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வீட்டு வரிசைகளுக்கு நடுவில் கறுப்புக் குழம்பாக நிற்கும். அந்த நாற்றம் டவுன் பஸ்சில் ஏறி வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகும் என் புடவையில் இருக்கும்.

கிழக்கு வரிசையில் யோகேஸ்வரி இருக்கிறாள். எல்லோருக்கும் யோகம். வன்னிப் பக்கத்து ஊரிலிருந்து பத்து வயதில் வந்தவள். அவள் கணவர் தவராசா, பஜாரில் மிக்ஸியும் கிரைண்டரும் ரிப்பேர் பார்ப்பவர். ஊரில் இருந்தபோதே மிதிவெடியில் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு பஜார் வரைக்கும் தானே நடந்து போய் வருவார். மழைக்காலத்தில் மட்டும் முடியாது. கோல் சேற்றில் புதையும், ஆள் சாய்ந்துவிடுவார். கடையைப் பூட்டிவிட்டு மூன்று மாதம் வீட்டுக்குள் கிடப்பார்.

பொதுக் கக்கூஸ் வரிசையின் கடைசியில் இருக்கிறது. அதுவரைக்கும் யோகம் அவரைத் தோளில் சாத்திக்கொண்டு போக வேண்டும், வாசலிலேயே நின்று திரும்பக் கூட்டி வர வேண்டும். நான் முகாமுக்குப் போன முதல் நாள் கண்ணில் பட்டது அதுதான். நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இதே டவுனில் பன்னிரண்டு வருடம் வேளாண்மைத் துறையில் குப்பை கொட்டியிருக்கிறேன், ஒரு நாள்கூட அந்த கேட்டுக்குள் நுழைந்ததில்லை.

கம்ப்யூட்டரில் வந்த கிணற்றடி

ஓய்வு பெற்று வீட்டில் உட்கார முடியாமல் இருந்த நேரம். ஒரு தொண்டு நிறுவனத்துப் பிள்ளைகள் மூன்று பேர் தேடி வந்தார்கள். இடம்பெயர்ந்த மக்களுக்குப் பெர்மாகல்ச்சர் கற்றுக்கொடுக்கப் போகிறோம், உள்ளூர் மண் தெரிந்தவர் ஒருவர் கூட வர வேண்டும், நீங்க வாங்க மேடம் என்றார்கள்.

அது என்ன பெர்மாகல்ச்சர் என்று கேட்டேன். காடு தன்னைத் தானே பார்த்துக்கொள்கிற மாதிரி, வீட்டைச் சுற்றி நெடுநாள் நிற்கிற தோட்டம். மரம், செடி, கொடி, கிழங்கு எல்லாம் கலந்து நிற்கும். ஒன்றின் கழிவு இன்னொன்றுக்குச் சாப்பாடு. எதையும் வெளியே கொண்டுபோய்க் கொட்ட வேண்டியதில்லை. இப்படி விளக்கினார்கள். நல்ல பிள்ளைகள். என்ன, லேப்டாப்பைத் திறக்காமல் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கத் தெரியாது.

கிடங்குச் சுவரில் படம் போட்டுக் காட்டினார்கள். வட்டமாக ஒரு குழி. குழி நிறைய மட்டை, சருகு, அடுப்படிக் குப்பை. விளிம்பில் வாழையும் பப்பாளியும் சேம்பும். குளிக்கிற தண்ணீர் ஒரு சின்ன வாய்க்கால் வழியாக அந்தக் குழிக்குள் போகிறது.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. “இது எங்கட கிணத்தடி வாழை எல்லோ! இதுக்குமா கம்ப்யூட்டர்?”

கிடங்கே சிரித்தது. சொன்னவள் யோகம். அவர்கள் ஊரில் வீட்டுக்கு வீடு கிணறு உண்டாம். குளிக்கிற தண்ணீர் அப்படியே வாழைக்கு ஓடிவிடுமாம். படம் போட்ட பிள்ளைக்குக் காது சிவந்துவிட்டது.

“தெரியும்னா இத்தனை வருசமா ஏன் ஒரு குழி வெட்டல?” என்று நான் கேட்டேன்.

சிரிப்பு நின்றது. “மரம் கிரம் வைக்கக் கூடாதுன்னு ரூல் இருக்கு அக்கா” என்றாள் யோகம்.

கவனித்தீர்களா? தங்களுக்குள் பேசினால் ‘எங்கட’, ‘எல்லோ’. நம்மிடம் திரும்பினால் நம்ம ஊர்ப் பேச்சு. அதிகாரிகள் முன்னால் ‘ஓம்’ என்ற சொல் அவர்கள் வாயில் வரவே வராது. ‘ஆமாங்க சார்’தான். அத்தனை வருடத்தில் நாக்கையே அப்படிப் பழக்கி வைத்திருந்தார்கள்.

“எந்த ரூல்ல இருக்கு? காட்டு பாப்போம்.”

“எங்க இருக்குன்னு தெரியாது. எப்பவும் சொல்லுவாங்க.”

நான் முப்பது வருடம் சர்க்கார் சம்பளம் வாங்கினவள். எழுதி வைத்த ரூலுக்கே பாதிதான் பயப்படுவேன். “வெட்டுங்க. யாராச்சும் வந்து கேட்டா என் பேரைச் சொல்லுங்க” என்றேன்.

கத்தி இரண்டு வாங்கினேன்

கடப்பாரை போட்டால் பொறி பறக்கிற தரை. பெண்கள்தான் வெட்டினார்கள். இரண்டடிக்குக் கீழே போனதும் நம்ம களிமண் வந்தது, அதைப் பார்த்து நான் கை தட்டினேன். நாலு வீட்டுக்கு ஒரு குழி. புயலில் விழுந்த தென்னை மட்டைகள் பக்கத்துத் தோப்பில் மலையாகக் கிடந்தன. “எடுத்துக்கிட்டுப் போங்க, எனக்கு இடம் காலியானா சரி” என்றார் தோப்புக்காரர். கிடங்குக்குப் பின்னால் எந்தக் காலத்து உமியோ மக்கிக் கிடந்தது. அதையும் அள்ளிப் போட்டோம்.

குழியைச் சுற்றி நட்டது எல்லாம் ஆட்டுக்குப் போய்விடும், வேலி வேண்டும் என்று பேச்சு வந்தது.

“கதியால் வேணும் அக்கா” என்றாள் யோகம்.

எனக்குக் காதில் ‘கத்தியால் வேணும்’ என்று விழுந்தது. வேலிக்கு முள் வெட்டக் கத்தி கேட்கிறாள் என்று நினைத்து, மறுநாள் பஜாரில் நல்ல கத்தியாக இரண்டு வாங்கிக்கொண்டு போய் நீட்டினேன். அவள் அந்தக் கத்தியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். தவராசா உள்ளேயிருந்து “என்ன, என்ன?” என்று கேட்கக் கேட்க இவளுக்குச் சொல்ல வாய் வரவில்லை.

ஆள் உயரத்துக்குக் கிளையை வெட்டி வரிசையாக நட்டால் அது துளிர்த்து வேலியாக நிற்கும். அந்தக் கிளைக்குத்தான் கதியால் என்று பெயராம்.

“அட, போத்து!” என்றேன்.

“போத்தா!” என்று அவள் மறுபடி சிரிக்க ஆரம்பித்தாள்.

நம்ம பக்கம் பூவரசம் போத்து, முருங்கைப் போத்து என்று சொல்வோம். அவர்கள் பக்கம் பூவரசங் கதியால், கிளுவைக் கதியால். வாங்கின கத்தி வீண் போகவில்லை, அதை வைத்தே போத்து வெட்டினோம். வாய்க்கால் கரையில் பூவரசு, மேட்டில் கிளுவை, ஒரு புண்ணியவான் வீட்டு முருங்கை. நட்ட ஒரு மாதத்தில் குச்சி பூராவும் பச்சை கட்டிக்கொண்டது. தழையைக் கழித்துக் குழியில் மூடாக்காகப் போட்டார்கள்.

அடுத்த ஐப்பசியில் விடாமல் மூன்று நாள் மழை. நாலாவது நாள் காலையில் நான் போனபோது வரிசையில் தண்ணீர் இல்லை. எல்லாம் குழிக்குள் இறங்கியிருந்தது. வாழை இலைகள் கழுவி வைத்த மாதிரி நின்றன. தவராசா வாசலுக்கு வந்து கோலால் தரையைத் தட்டிப் பார்த்தார். இன்னும் ஒரு தரம் தட்டினார். பிறகு வரிசைக் கடைசி வரைக்கும் தனியாக நடந்து போனார், தனியாகத் திரும்பி வந்தார். யோகம் வாசல்படியை விட்டு நகரவில்லை.

“நான் கடைக்குப் போட்டு வாறன்” என்றார் அவர். அவ்வளவுதான்.

எங்கப்பா ஊன்றிய போத்து

இடையில் என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்.

சீர்காழிக்கு மேற்கே எங்கள் ஊர். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் குடிசை பண்ணைக்காரர் மனையில் இருந்தது. நிலம் அவர்களுடையது, மனை அவர்களுடையது, எங்களுடையது மேலே போட்ட கீற்று மட்டும். அப்பா ஒரு முருங்கைப் போத்தைக் கொண்டுவந்து கொல்லைப்பக்கம் ஊன்றினார். அம்மா சாணியை உருட்டி அதன் தலையில் வைத்தாள்.

அது துளிர்விட்ட வாரம் பண்ணைக் காரியக்காரர் வந்தார். போத்தைப் பிடுங்கி வேலிக்கு அப்பால் எறிந்தார். “இன்னைக்கு மரம் வைப்பே. நாளைக்கு மனையக் கேப்பே” என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அந்த ஆள் போன பிறகும் ரொம்ப நேரம் அப்படியே நின்றார்.

பிற்பாடு சட்டம் வந்தது, குடியிருந்த மனை குடியிருந்தவர்களுக்கே என்று ஆனது, நாங்கள் படித்தோம், நான் ஆபீசரம்மா ஆனேன். ஊரில் அதையெல்லாம் பெருமையாகப் பேசுவார்கள். எனக்கு அந்தக் காரியக்காரர் மேல் இருக்கிற ஆத்திரம் இன்றுவரை ஒரு துளி குறையவில்லை. குறைய வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதும் இல்லை.

தமிழ்ப்பற்று படுத்திய பாடு

கிழக்கு வரிசையைப் பார்த்து மேற்கு வரிசைக்காரர்களும் கேட்டார்கள். பழக்கன்று இலவசமாகக் கிடைக்குமா என்று கலெக்டர் ஆபீசுக்கு ஒரு மனு எழுதினேன். பெர்மாகல்ச்சர் என்று இங்கிலீஷைத் தமிழில் எழுத எனக்குக் கை கூசியது. இவ்வளவு பெரிய மொழியை வைத்துக்கொண்டு கடன் வாங்குவானேன் என்று, நெடுநாள் நிற்கிற வேளாண்மைதானே, ‘நிரந்தர வேளாண்மை’ என்று எழுதினேன். எழுதிவிட்டு நானே இரண்டு தரம் படித்து ரசித்தேன். ‘முகாம் நிலத்தில் நிரந்தர வேளாண்மை செய்து வருகிறோம்.’

முப்பது வருடம் ஃபைல் பார்த்தவளுக்குப் புத்தி எங்கே போனது? முகாம், நிலம், நிரந்தரம். மூன்றும் ஒரே வரியில்! படித்த அதிகாரிக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கும். சர்க்கார் நிலத்தில் ஒருவர் மரம் வளர்த்து அனுபவித்தால், அந்த மரத்துக்கு மட்டும் பட்டா கேட்க ஒரு வழி உண்டு. 2சி பட்டா என்பார்கள். அகதி மரம் வைத்துவிட்டான், அடுத்தது 2சி கேட்பான், அதற்கடுத்தது மண்ணையே கேட்பான். எங்கள் ஊர்க் காரியக்காரர் இப்போது ஆபீசில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார், வேறொன்றுமில்லை.

இப்படித்தான் அந்த மழை விட்ட காலையில் ஆர்.ஐ. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

“இங்க மரமே இல்லைங்க தம்பி”

நான் மாட்டிவிட்டதை நானே எடுத்துவிடுவது என்று கச்சை கட்டிக்கொண்டேன்.

“தம்பி, இந்த ‘நிரந்தர’ங்கிறது சும்மா ஒரு பேரு. மரம் எங்க இருக்கு இங்க? வாழைய அடங்கல் பயிர்க் கணக்குல எப்படி எழுதுவீங்க? பயிர்னுதானே? பப்பாளி தோட்டப் பயிரு. இது வேலிக் குச்சி. வேலிய யாராச்சும் மரம்னு சொல்லுவாங்களா?”

அவர் முகத்தில் கொஞ்சம் தெளிச்சி வந்தது. பாவம், அவருக்கும் மேலே பதில் சொல்ல வேண்டும். “அப்ப ஒண்ணு செய்ங்க மேடம். இங்க மரம் எதுவும் கிடையாது, எல்லாம் செடி கொடிதான், தற்காலிகம்தான், எங்களுக்கு இதுல எந்த உரிமையும் இல்லன்னு ஒரு தாள்ல எழுதி, வீட்டுக்கு ஒருத்தர் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க. நான் அதையே வச்சு ரிப்போர்ட்ட முடிச்சிடறேன்.”

எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முழங்கால் மேல் தாளை வைத்து, அவர் சொன்னதை வரி பிசகாமல் எழுதினேன். முதல் கையெழுத்துக்கு யோகத்திடம் நீட்டினேன்.

அவள் மெதுவாகப் படித்தாள். மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

“இது பொய் அக்கா.”

“பொய்யாவே இருக்கட்டும். வெட்டாம விட்டாப் போதும். போடும்மா.”

அவள் ஆர்.ஐ. பக்கம் திரும்பினாள். அதுவரைக்கும் எந்த அதிகாரியிடமும் பேசாத பேச்சில் பேசினாள்.

“சேர், இது மரம். இது பூவரசு, அது கிளுவை, அங்க நிக்கிறது முருங்கை. எல்லாம் நான் நட்டனான். மரம் இல்லையெண்டு நான் எழுதித் தர ஏலாது.”

“ஏம்மா, உங்க நல்லதுக்குத்தானே மேடம் சொல்றாங்க?”

“எத்தினை தாளில கையெழுத்து வைச்சனாங்கள் தெரியுமோ சேர்? என்ரை பிள்ளை இஞ்ச பிறந்தவள். அவளுக்கு ஒரு நாடும் இல்லையெண்டு ஒரு தாள். அதுக்கும் வைச்சன். கேட்ட எல்லாத்துக்கும் வைச்சன். மரத்துக்கும் வைக்கச் சொல்லாதேங்கோ.”

அந்த நிமிஷம் யோகத்தின் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கரை சேர்த்த படகை மறுபடி தள்ளிவிடுகிறாளே இவள்! தவராசா வாசலில் கோலை ஊன்றி நின்றிருந்தார். அவரிடம் போனேன்.

“நீங்களாச்சும் சொல்லுங்க. நாளைக்கு ஜேசிபி வந்து குழிய மூடிட்டா, பழையபடி வீட்டுக்குள்ள கிடக்கப் போறது நீங்கதானே?”

அவர் தரையைப் பார்த்தார். பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தார்.

“கிடக்கிறன் அக்கா. அவ சொன்னது சரி.”

தலையாரி தொண்டையைச் செருமினார். “மரம்னு எழுதிட்டா வெட்ட முடியாதுங்களே சார்.”

ஆர்.ஐ. அவரை ஒரு முறை முறைத்தார். அப்புறம் பெருமூச்சு விட்டார். “ஆமாம் மேடம். சர்க்கார் நிலத்துல நிக்கிற மரத்தை நான் நினைச்சா வெட்டச் சொல்ல முடியாது. மாவட்டத்துல பசுமைக் குழு பாத்து அனுமதி குடுக்கணும். குழியச் சுத்தியும் பூவரசு நிக்குது, மரத்துக்குச் சேதமில்லாம வண்டி உள்ளயே வர முடியாது. செடி கொடின்னு நீங்க எழுதிக் குடுத்திருந்தா யாரையும் கேக்க வேண்டியதில்ல. புதர் அகற்றினோம்னு ஒரு வரி. நாளைக்கே ஜேசிபி வந்திருக்கும்.”

என் கையில் இருந்த தாளைப் பார்த்தேன். கோழி கிளறின என் எழுத்து. மரமே இல்லை, உரிமையே இல்லை, தற்காலிகம். காரியக்காரர் ஒரு வார்த்தை பேசிப் போத்தைப் பிடுங்கினார். நான் ஒரு பக்கம் முழுக்க எழுதிப் பிடுங்கப் பார்த்திருக்கிறேன். தாளை நாலாகக் கிழித்துக் குழியில் போட்டேன்.

அந்தப் பசுமைக் குழு சங்கதி உனக்கு முன்னாலேயே தெரியுமா என்று பின்னொரு நாள் யோகத்திடம் கேட்டேன். “தெரியாது அக்கா” என்றாள். தெரியாமல்தான் அப்படி நின்றிருக்கிறாள். கோப்பு இன்னும் எந்த மேஜையிலோ கிடக்கிறது. 2சி பட்டா எதுவும் வரவில்லை, வரும் என்று யாரும் சொல்லவும் இல்லை. மரங்கள் நிற்கின்றன. தவராசா இந்த மழைக்கும் கடைக்குப் போனார்.

அன்றைக்கு ஆர்.ஐ. செருப்பைத் தரையில் போட்டு மாட்டிக்கொண்டார். நோட்டைத் திறந்தார். தலையாரி பூவரசில் வெள்ளை பெயிண்டால் ‘1’ என்று எழுதினார். கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. என்னுடையதையும் எழுதுங்கோ, இது நான் நட்டது என்று பெண்கள் வெளியே வந்து அவரவர் மரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார்கள். செக்கிங் நாளில் நிற்கிற அதே பெண்கள்தான். அன்று ஒருத்தியும் தலை குனிந்து நிற்கவில்லை.

“மரம் பூவரசு, சரி. அனுபவிக்கிறவர் பேரு?” என்றார் ஆர்.ஐ.

“யோகேஸ்வரி.”

“புருசன் பேரு?”

“தவராசா.”

“ஊரு?” என்று கேட்டுவிட்டு அவரே தயங்கினார். “இலங்கைன்னு போட்டுக்கவா?”

யோகம் பூவரசின் மேல் கையை வைத்தாள். பெயிண்ட் இன்னும் காயவில்லை, விரல்களில் வெள்ளையாக ஒட்டியது.

“மரம் நிக்கிற ஊரை எழுதுங்கோ” என்றாள்.

எழுதினார்.